பித்தளை டபரா

செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போகும்போது நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் வரும். கும்பகோணம் போய்ச் சேர அங்கிருந்து இன்னும் நான்கு மணி நேரமாவது ஆகும். இருந்தாலும் பலகையில் கும்பகோணம் இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் பித்தளை டம்ளரும் டபராவும் கோபுரமாக அடுக்கியிருக்கும். வெயில் பட்டுத் தகதகக்கும். டிகிரி என்பது பாலின் தரத்தை அளக்கும் கருவியால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. சிக்கரிதான் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆயிற்று என்று இன்னொரு கதை. எது எப்படியோ, காரை நிறுத்த வைப்பது அந்தப் பித்தளைதான்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகும்போது நாங்களும் நிறுத்தினோம். முதல் வாய் உள்ளே போனதுமே நான் "இதுதான் காபி" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் ஆற்றிக்கொண்டே தலையாட்டினார். அம்மா பாதி குடித்துவிட்டு டபராவின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காபி எப்படி இருக்கிறது அம்மா?"

"காபிக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனையையும் யார் தேய்க்கிறார்கள்?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. கிளம்பும்போது கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து காரில் ஏறினார்.

அம்மா வாழ்க்கைப்பட்டுப் போன வீடு மயிலாடுதுறைப் பக்கம். பதினோரு பேர். டம்ளர், டபரா, குடம், அண்டா எல்லாம் பித்தளை. ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையை எடுத்து வைத்து, அதோடு சாம்பலோ செங்கல் பொடியோ சேர்த்துக் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் புளி பட்டால் உயிர் போகும். தேய்க்காமல் ஒரு நாள் விட்டால் களிம்பு பச்சையாகப் பூத்துவிடும். சமைக்கிற பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் ஓடிப்போய் நிறுத்த வேண்டும். பிறகு எவர்சில்வர் வந்தது. அம்மா மொத்தப் பித்தளையையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினார். அந்த நாளைப் பற்றி, ஏதோ விடுதலை கிடைத்த நாளைப் போல இன்னமும் பேசுவார்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் தொழில் கோளாறு உண்டு. சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் டீத்தூள், பிஸ்கட், சோப்பு என்று மாதிரிகளைக் கொடுத்து "எது பிடித்தது, ஏன் பிடித்தது" என்று படிவம் நிரப்பும் வேலை. அதனால் ஊர் திரும்பிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கும்பகோணத்திலிருந்து ஏற்கெனவே ஆசையாக வாங்கி வைத்திருந்த பித்தளை டபரா செட் இரண்டு வீட்டில் இருந்தன. ஒரே டிகாக்ஷன், ஒரே பால், ஒரே அளவு சர்க்கரை. ஒன்றைப் பித்தளையிலும் இன்னொன்றை எவர்சில்வரிலும் ஊற்றி, வேறு வேறு தூள் என்று சொல்லிக் கொடுத்தேன். கணவர் பித்தளைக் காபியில் மணம் தூக்கல் என்றார். கல்லூரியில் படிக்கும் மகன் பித்தளைதான் திக்காக இருக்கிறது என்றான். குடிப்பதற்கு முன் படமும் எடுத்துக்கொண்டான். அம்மா எவர்சில்வர் காபியைக் காட்டி, "இது சுத்தமாக இருக்கிறது" என்றார். ருசியைக் கேட்டால் சுத்தத்தைச் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

மறுநாள் கண்ணை மூடச் சொல்லி இரண்டிலிருந்தும் ஸ்பூனால் எடுத்து வாயில் விட்டேன். மூவராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. யோசித்தால் முடியவும் கூடாது. நம் வீடுகளில் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற வழக்கம் வேறு. உலோகம் வாயில் படுவதே இல்லை. பித்தளை மெய்யாகச் செய்கிற ஒரே காரியம், எவர்சில்வரைவிடச் சூட்டைப் பல மடங்கு வேகமாகக் கடத்துவதுதான். விரலில் சுரீர் என்று உறைக்கும். காபி நல்ல சூடு என்று கைதான் முதலில் தீர்ப்புச் சொல்கிறது. நாக்கு பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறது.

இதில் எனக்கு வியப்பு என் வீட்டு ஆண்கள் ஏமாந்தது இல்லை. அதை எதிர்பார்த்துத்தான் கொடுத்தேன். அதே பித்தளை அம்மாவை எதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு போனதுதான் வியப்பு. மகனுக்குப் பித்தளை என்றால் பாரம்பரியம், அக்கிரகாரம், திரைப்படங்களில் வரும் முற்றம். அம்மாவுக்குப் பித்தளை என்றால் புளிச்சக்கை.

*

ஒரு பொருளைச் சுற்றி இருப்பது அந்தப் பொருளின் மீதான தீர்ப்பை மாற்றும் என்பது ஆய்வு வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். அதைத் துடைத்தெடுக்கத்தான் அங்கே ஆயிரம் சடங்குகள். இரண்டு கோப்பைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டால், ஒன்று என்பதே உசத்தி என்று மனம் முடிவு கட்டிவிடும். அ, ஆ போட்டாலும் அதே கதை. அதனால் 417, 962 என்று தாறுமாறான மூன்று இலக்க எண்கள்தான் போடுவார்கள். முதலில் வருவதற்குத் தனிச் சலுகை கிடைப்பதுண்டு என்பதால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். நிறம் ருசியில் தலையிடாமல் இருக்கச் சோதனை அறையில் சிவப்பு விளக்கு எரியும். இடையிடையே தண்ணீரும் உப்பு இல்லாத பிஸ்கட்டும். மூன்று கோப்பை கொடுத்து, அதில் இரண்டு ஒன்றேதான், தனியாக இருப்பது எது என்று கேட்கும் முக்கோணச் சோதனையில் எத்தனை கெட்டிக்காரர்கள் திணறியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் உணவகங்களுக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் மீது பரிதாபம் வரும்.

ஆனால் இந்தச் சடங்குகள் எல்லாம் அறைக்குள்தான். திருச்சி பாலக்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் எண் போட்ட இரண்டு டீத்தூள் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். அந்த வீட்டு அக்கா இரண்டையும் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "எதைச் சொன்னால் உனக்கு வேலை சீக்கிரம் முடியும்?" என்று கேட்டார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அன்றைக்கு அவருடைய தீர்ப்பை மாற்றக்கூடிய பெரிய சங்கதி எண்ணும் இல்லை, வரிசையும் இல்லை. வியர்வை வழிய எதிரில் உட்கார்ந்திருந்த நான்தான்.

பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை ஒன்றை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். ஒயின் பற்றிப் படிக்கிற 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். வெள்ளைக்குத் தேன், எலுமிச்சை என்ற வகையில் வெளிறிய பொருட்களின் பெயர்கள் வந்தன. சிவப்புக்குச் செர்ரி போன்ற அடர்நிறப் பொருட்களின் பெயர்கள். அடுத்த அமர்வில் வெள்ளையையும், அதே வெள்ளையில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் வைத்தார்கள். சாயம் கலந்த வெள்ளைக்குச் சிவப்பு ஒயினின் சொற்களையே எழுதினார்கள். மோரோ, புரோஷே, டுபோர்டியூ மூவரும் 2001இல் வெளியிட்ட கட்டுரை அது. ஒயின் நிபுணத்துவம் எல்லாம் பம்மாத்து என்பதற்குச் சாட்சியாக அதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிவப்பு ஒயினுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் அங்கே விழுந்தார்கள். அந்தச் சொற்களையே அறியாத என் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தால் இரண்டும் புளித்துப்போன திராட்சைச் சாறு என்று சரியாகச் சொல்லியிருப்பார். மாணவர்களை வாரிவிட்டது அவர்களுடைய படிப்பு.

இங்கிலாந்தில் லெஸ்டர் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட இன்னொன்றிலும் இதையே பார்க்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் விலையும் இனிப்பும் ஒத்த பிரெஞ்சு ஒயின், ஜெர்மன் ஒயின் பாட்டில்களை அடுக்கி, ஒரு நாள் பிரெஞ்சு அக்கார்டியன் இசை, ஒரு நாள் ஜெர்மன் மதுக்கூட இசை என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில் விற்றது, ஜெர்மன் 8. ஜெர்மன் இசை நாட்களில் பிரெஞ்சு 12, ஜெர்மன் 22. வாங்கிய 44 பேரிடம் கேட்டதில், இசை தங்களைப் பாதித்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இதே இசையை மன்னார்குடி மளிகைக் கடையில் ஒலிக்கவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அக்கார்டியன் கேட்டால் பாரிஸ் நினைவுக்கு வர வேண்டும் என்றால், முன்பே யாரோ அந்த முடிச்சைப் போட்டு வைத்திருக்க வேண்டும். இங்கே அந்த வாத்தியம் எத்தனையோ பழைய சினிமாப் பாட்டுகளைத்தான் கொண்டுவந்து நிறுத்தும்.

விலையும் அப்படி ஒரு முடிச்சுதான், மற்ற எதையும்விட இறுக்கமானது. கலிபோர்னியாவில் 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துக் குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஐந்து ஒயின் என்று சொன்னார்கள், இருந்தது மூன்றுதான். 90 டாலர் ஒயினை ஒரு தடவை 90 என்றும் ஒரு தடவை 10 என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 5 டாலர் ஒயினை ஒரு தடவை 45 என்றார்கள். விலை கூடச் சொன்னபோது கூடப் பிடித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. 2008இல் வந்த ஆய்வு. விலையைச் சொல்லாமல் பிறகு கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. வருடக்கணக்காகக் கடைக்குப் போய், மலிவாக வாங்கியது கிழிந்தும் உடைந்தும் போனதைப் பார்த்த மனம் அது. விலை ஏறினால் தரம் ஏறும் என்று நம்புவதற்கு அதற்குக் காரணம் இருக்கிறது. நம் பொட்டலங்களில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலை, வாங்குகிறவனைக் காக்க வந்த ஏற்பாடு. 999 என்று அச்சடித்து, அதை அடித்து 349 என்று போட்டால் 650 ரூபாய் சம்பாதித்த மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு வருகிறோம். காவலுக்கு வைத்த எண்ணே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது.

*

வியாபாரிகளுக்கு இது எதையும் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நகைக்கடையில் வளையலை எதன்மேல் வைத்துக் காட்டுகிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? ரோஸ் காகிதம். எந்த ஊர் போனாலும் அதே கசங்கிய ரோஸ் காகிதம். அதன்மேல் வைத்தால் மஞ்சள் உலோகத்துக்கு ஒரு செம்மை ஏறும். பழைய காலத்துத் தங்கம் போலத் தோன்றும். வைரத்துக்கு அந்தக் காகிதம் உதவாது. அதற்கு நீலம் தோய்ந்த வெள்ளைத் தாள், மஞ்சள் சாயலை அமுக்கிக் காட்ட. ஆரஞ்சுப் பழத்தை ஆரஞ்சு நிற வலைப்பையில் போட்டுக் கட்டுவதும் இதே குடும்பம்தான். பழக்கடையின் மேலே கட்டியிருக்கும் சிவப்புத் தார்ப்பாயைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

ஆனால் ரோஸ் காகிதத்தை விரித்து வைத்துவிட்டு எந்த நகைக்கடைக்காரரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வந்தவர் முகத்தைப் பார்ப்பார். கழுத்தில் என்ன கிடக்கிறது, கூட வந்தது மாமியாரா அம்மாவா, சேதாரம் எவ்வளவு என்று முதல் கேள்வி கேட்பவர் யார், எல்லாம் பார்ப்பார். காகிதம் செய்வது பாதி வேலைதான். மறுபாதி அந்தப் பார்வை.

ஆய்வுக்கூடம் இந்த மறுபாதியைத்தான் கோட்டைவிட்டது என்று நினைக்கிறேன். மனிதனுக்குள் ஒரு பொத்தான் இருக்கிறது, சரியான சொல்லையோ படத்தையோ காட்டினால் அது அமுங்கும் என்ற ஆசை பழையது. 1957இல் ஜேம்ஸ் விகாரி என்ற அமெரிக்கர், நியூ ஜெர்சி மாநிலத் திரையரங்கு ஒன்றில் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் "பாப்கார்ன் சாப்பிடுங்கள், கோக் குடியுங்கள்" என்று திரையில் மின்ன வைத்ததாகவும், விற்பனை எகிறியதாகவும் அறிவித்தார். உலகமே பதறியது. ஐந்து வருடம் கழித்து, தன்னிடம் உருப்படியான தரவு எதுவும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கதை சாகவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்து பயிற்சி கொடுத்த ஒருவர் 2000களிலும் அதை உண்மைபோல் சொன்னார்; நான் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

அடுத்தது இன்னும் மரியாதையான இடத்திலிருந்து வந்தது. 1996இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜான் பார்க்கும் அவருடைய சகாக்களும் மாணவர்களுக்குச் சொற்களைக் கலைத்துக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த சொற்களில் முதுமை ஒளிந்திருந்தது: நரை, சுருக்கம், ஓய்வு பெற்றவர்கள் குடியேறும் ஃபுளோரிடா. முடித்துவிட்டுத் தாழ்வாரத்தில் நடந்து போனபோது அவர்கள் மற்றவர்களைவிட மெதுவாக நடந்தார்கள் என்பது முடிவு. சுமார் பத்து மீட்டருக்கு ஒரு விநாடி வித்தியாசம். மனத்தை முன்கூட்டியே பதப்படுத்தி வைத்தால் காலே கேட்கும் என்றானது. பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன் 2011இல் வந்த தம் நூலில் இத்தகைய முடிவுகளை நம்பாமலிருக்க வழியே இல்லை என்ற தொனியில் எழுதினார்.

மறுவருடம் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கடிகாரத்தைக் கையில் பிடிப்பதற்குப் பதிலாக, நடையை அகச்சிவப்புக் கதிர் உணரிகளால் அளந்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு சோதனை நடத்துகிறவர்களிடமே, மாணவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று சிலருக்கும் வேகமாக நடப்பார்கள் என்று சிலருக்கும் சொல்லி அனுப்பினார்கள். மெதுவான நடையை எதிர்பார்த்தவர்கள் நடத்தியபோதுதான் நடை மெதுவாயிற்று. அதைப் படித்தபோது பாலக்கரை அக்காதான் கண்முன் வந்தார். பதப்படுத்தப்பட்டிருந்தவர்கள் தாழ்வாரத்தில் நடந்தவர்கள் மட்டும் இல்லை, எதிரில் நின்றவர்களும்தான். கானமன் 2012இலேயே உளவியல் துறையினருக்குக் கடிதம் எழுதி, ரயில் கவிழப் போகிறது, முடிவுகளைச் சரிபாருங்கள் என்று எச்சரித்தார். 2017இல், சின்னச் சின்ன மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று தம் பிழையையும் ஒப்புக்கொண்டார். மேலே நான் சொன்ன 20 பேர், 54 பேர் ஆய்வுகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். நல்ல பல்கலைக்கழகம், நல்ல இதழ், பெரிய பெயர் எல்லாம் சேர்ந்து நமக்கு விரிப்பதும் ஒருவகை ரோஸ் காகிதம்தானே.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தப்பும் உண்டு. அதைச் செய்தது என் போன்றவர்களின் தொழில். சுற்றியிருப்பதை எல்லாம் துடைத்துவிட்டால் உண்மையான ருசி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. கோகோ கோலா நிறுவனம் 1980களில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கக் கொடுத்தது. இனிப்புக் கூட்டிய புதிய கலவையைப் பலரும் விரும்பினார்கள். 1985 ஏப்ரல் 23 அன்று பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை இறக்கியது. ஒரு நாளைக்கு 400 என்று வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்புகள் ஜூன் மாதத்தில் 1,500 ஆயின. பழையதைப் பதுக்கி வைத்தார்கள், ஊர்வலம் போனார்கள். ஜூலை 11 அன்று, 79 நாளில், பழைய கோக் திரும்பி வந்தது. பெயர் தெரியாத கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டு யாரும் வாழ்வதில்லை. அந்தச் சிவப்பு டப்பாவோடு அவர்களுக்குப் பந்தாட்ட மைதானமும் பள்ளி விடுமுறையும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளந்தார்கள். மகனின் பித்தளைக் காபியையும் நான் இனி ஏமாற்று என்று சொல்வதில்லை. மணம் தூக்கலாக இருந்தது என்றால் அவனுக்கு இருந்தது.

*

ஆனியில் அக்கா மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனோம். நான்கு மாடி, குளிர்சாதனம், கால் வைத்தால் புதையும் வெள்ளை மெத்தை விரிப்பு. உட்கார்ந்ததும் மோர் வந்தது. எடுத்துப் போடுகிறவருக்கு என் அண்ணன் வயது இருக்கும்.

"எந்த விலையில் பார்க்கலாம் அக்கா?"

"இருபதுக்குள்," என்றேன்.

"வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள்," என்று சொல்லிவிட்டு முதலில் எடுத்தது 62,000 ரூபாய்ப் புடவை. கோர்வைக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை. தன் தோளிலேயே போட்டு முந்தானையை விரித்துக் காட்டினார். அக்கா மகளின் கண் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு அதை மடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு 28,000 ஒன்று, 14,000 ஒன்று. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். 62,000 என்ற எண் அறைக்குள் வந்த பிறகு இருபதுக்குள் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கானமனும் அவருடைய சக ஆய்வாளர் டிவெர்ஸ்கியும் 1974இல் எழுதியதில் ஒரு சுழல் சக்கரம் வரும். சக்கரத்தில் 10 விழுந்ததைப் பார்த்தவர்கள், ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் 25 சதவீதம் இருக்கும் என்றார்கள். 65 விழுந்ததைப் பார்த்தவர்கள் 45 சதவீதம் என்றார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சம்பந்தமே இல்லை. புடவைக் கடையில் அந்தச் சக்கரத்தைத் தோளில் போட்டு முந்தானையோடு காட்டுகிறார்கள். மூன்று அடுக்கு வைப்பதற்கும் சோதனை உண்டு: 170 டாலர் கேமரா, 240 டாலர் கேமரா என்று இரண்டை மட்டும் காட்டியபோது ஆளுக்குப் பாதி எடுத்தார்கள். 470 டாலரில் மூன்றாவதையும் சேர்த்ததும் 57 சதவீதம் பேர் நடுவிலுள்ளதற்குத் தாவினார்கள். சைமன்சனும் டிவெர்ஸ்கியும், 1992. இதையெல்லாம் நான் அந்த மெத்தையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நினைத்து என்ன?

அம்மா எதுவும் பேசாமல் நடுப்புடவையைக் கையில் எடுத்தார். "வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்" என்றார். அவர் காலத்துக் கடைகளில் அது வழக்கம். உள்ளே எரிகிற விளக்கில் அரக்கு மாம்பழமாகத் தெரியும். வாசலில் வைத்துப் பார்த்தால்தான் நிஜ நிறம். எடுத்துப் போடுகிறவர் தயங்கினார். பில் போடாத சரக்கு கீழே போகக் கூடாதாம். சூப்பர்வைசர் வந்தார், ஏதோ பேசினார்கள். கடைசியில் அம்மா, நான், அக்கா மகள், எடுத்துப் போடுகிறவர், புடவை, எல்லோரும் லிஃப்டில் இறங்கினோம். வாயிற்காவலர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

வெளியே பன்னிரண்டு மணி வெயில். அம்மா முந்தானையை இரண்டு முழம் விரித்தார். விளக்கடியில் பாக்கு நிறமாக இருந்தது வெயிலில் மாதுளையாக மாறியது. நடைபாதையில் பூ விற்கிற அம்மாள் கட்டுகிற கையை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணப் பெண்ணுக்கா? நிறம் நன்றாக இருக்கிறது. ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்களா?"

அம்மா சுரண்டிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி நூல் முடிச்சுகளைப் பார்த்தார். கரை சேர்கிற இடத்தை இழுத்துப் பார்த்தார். பூக்கார அம்மாளிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். பிறகு எங்களைப் பார்த்து, "இதையே எடுத்துவிடலாம். அந்த அறுபதாயிரத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார்.

எடுத்துப் போடுகிறவர் என்னைப் பார்க்கவில்லை. புடவையை மடித்துக்கொண்டே லிஃப்டை நோக்கி நடந்தார்.